அண்ணையும் போனுக்குள் இருந்த பிள்ளையும்

முதல் தரம் அண்ணையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். சாரத்தை மாற்றிப் பச்சை உடுப்புப் போட்டு, கையில் ஊசி குத்தி, தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். கால்மணி நேரத்தில் அதே கட்டிலில் வெளியே வந்தார். குடல் சுத்தமாகவில்லை, கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, கமராவில் ஒன்றும் தெரியவில்லை, மூன்று கிழமை கழித்து வேறு நாள் தருகிறோம் என்றார்கள்.

வெளி விறாந்தையில் இருபது பேராவது நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வைத்துத்தான் அந்தத் தாதி கேட்டார்.

"ஐயா, என்ன செய்யவேணுமெண்டு கடதாசியிலை தந்தனாங்கள்தானே. வாசிக்கேல்லையோ? என்ன சாப்பிட்டனீங்கள்?"

"முதல்நாள் மத்தியானம் குரக்கன் புட்டு. இண்டைக்குக் காலமை ரெண்டு வாழைப்பழம்."

"வாழைப்பழமோ!"

"வயிறு இளகுமெண்டு நினைச்சன்."

யாரோ சிரித்தார்கள். தாதி கெட்டவர் இல்லை. அன்று காலை அவருக்கு இது மூன்றாவது ஆளாக இருந்திருக்கலாம். ஆனால் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அறுபத்தொன்பது வயது மனிதர். நீர்வேலியில் ஆயிரம் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவர். அவரைப் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நிற்கவைத்துவிட்டோம். 'வைத்துவிட்டோம்' என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. பலமுறை நகலெடுத்து எழுத்துகள் பாதி அழிந்துபோயிருந்தன. ஓரத்தில் பேனையால் தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அதைக் கொடுத்த அன்றும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணை அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். 'விளங்குதோ அண்ணை?' என்று ஒரு சொல் கேட்கவில்லை. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். சனங்களுக்கு விளங்காத சுற்றறிக்கைகளை எத்தனை ஆயிரம் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஓட்டோவில் திரும்பி வரும்போது அண்ணை ஒரேயொரு வசனம் கதைத்தார்.

"இனி நான் உங்கை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன், தங்கச்சி."

ஏன் போகவேண்டி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். வைகாசி மாதம் ஒரு நாள் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் தலைசுற்றி வாய்க்காலுக்குள்ளேயே இருந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் கண்டு எனக்கு அறிவித்தார். தனியார் டொக்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இரத்தம் குறைந்துபோய் இருந்தது. அவர் குளிசை கொடுத்து, குடலைக் கமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதித் தந்தார். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் கேள்விகள் கேட்டார். மலத்தோடு இரத்தம் போகிறதா என்று கேட்டபோது அண்ணை "இல்லை" என்றார். வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா என்றதற்கும் "இல்லை" என்றார். நான் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி போய் நாலு வருடம். அவர் இருக்கும்வரை அண்ணையின் காய்ச்சல், முதுகுவலி, பல்லுவலி எல்லாம் அண்ணி வாயால்தான் எங்களுக்குத் தெரியவரும். அண்ணை நேரே சொன்னதில்லை. அண்ணி போனபிறகு அண்ணைக்கு வருத்தமே வருவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று கிழமையில்தான் இந்தச் செயற்கை நுண்ணறிவு விசயம் வந்தது. மெல்பேர்னில் இருக்கிற மகன் போன வருடம் வந்து நின்றபோது அதை என் போனில் போட்டுத் தந்திருந்தான். ஓய்வூதியம் பற்றிய ஆங்கிலக் கடிதங்களை எழுதுவதற்கு மட்டும் அதைப் பாவித்துவந்தேன். அண்ணையைத் திருப்பி அனுப்பிய அன்று நல்லூரில் உள்ள என் வீட்டுக்கு வந்ததும், அண்ணையின் சட்டைப் பையிலிருந்து வாங்கிவந்த கடதாசியை மேசையில் விரித்துப் படம் எடுத்து, "இதை விளக்கமான தமிழில் சொல்" என்று போட்டேன்.

அழிந்துபோன எழுத்துகளைக்கூட அது வாசித்துவிட்டது. ஆனால் அது தந்த தமிழ் நான் கந்தோரில் அடித்த தமிழ். 'பெருங்குடல் அகநோக்கிப் பரிசோதனை', 'மலமிளக்கிக் கரைசல்', 'குறைந்த நார்ச்சத்து உணவுமுறை'. சாப்பிடக்கூடியவை என்று தோல் சீவிய அப்பிளும் கோழிச் சூப்பும் வந்தன. அண்ணை சைவம். அப்பிளை அவர் கோயில் கடைகளில் பார்த்திருப்பார்.

நான் திரும்ப எழுதினேன். இவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிற தோட்டக்காரர், சைவச் சாப்பாடு, சாப்பிடுவது குத்தரிசிச் சோறு, குரக்கன் புட்டு, கீரை, வாழைப்பழம், ஒடியல் கூழ் என்று. உடனே பட்டியல் மாறியது. குத்தரிசி வேண்டாம், வெள்ளைப் பச்சையரிசிச் சோறு. குரக்கன் வேண்டாம், வெள்ளை மா இடியப்பம். கீரையும் கொட்டை உள்ள மரக்கறியும் மூன்று நாளைக்கு முன்பே நிற்பாட்ட வேண்டும். கடைசி நாள் முழுக்கத் தெளிந்த பானம் மட்டும்: பால் விடாத தேத்தண்ணி, இளநீர், வடித்த மல்லித்தண்ணி, சொதி.

சொதியில் என் கண் நின்றது. தேங்காய்ப்பால் விட்ட சொதி எப்படித் தெளிந்த பானமாகும்? கடதாசியின் அடியில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். அன்று ஏசின அதே தாதிதான் எடுத்தார்.

"சொதியோ? ஐயோ அம்மா, பால் சேர்ந்த ஒண்டும் கூடாது. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

ஆர் சொன்னது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர், "வேறை என்ன சொன்னது? வாசியுங்கோ பாப்பம்" என்றார். ஒவ்வொன்றாக வாசித்தேன். மற்றதெல்லாம் சரி என்றார். சிவப்பு நிறச் சர்பத்து குடிக்கக்கூடாது என்பதை மறக்கவேண்டாம், உள்ளே பார்த்தால் இரத்தம் மாதிரித் தெரியும் என்று தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தார்.

சொதி பிழை என்று இயந்திரத்துக்குச் சொன்னேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, மன்னிக்கவும்" என்றது. கண் மூடி முழிக்க முதல் வந்த மன்னிப்பு. பிழை சொன்னபோது இருந்த அதே தைரியத்தோடுதான் மன்னிப்பும் கேட்டது. அதன்பிறகு அது சொன்ன எதையும் தாதியிடம் கேட்காமல் நான் அண்ணைக்குச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒருவரும் திருப்பிக் கேட்காத ஒரு கேள்வியை அது கேட்டது. சலரோகம், அதாவது சீனி வருத்தம், உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா, இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறாரா என்று. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, வைகாசியிலை அந்த டொக்டர் தந்த குளிசை இன்னும் போடுறியளோ?"

"ஓம். காலமையும் பின்னேரமும்."

"அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை மருந்து ஒண்டும் எடுக்கேல்லை எண்டு சொன்னியளே!"

"அது மருந்தில்லையே, சத்துக் குளிசை."

அந்த இரும்புச்சத்துதான் குடலில் கறுப்பாக ஒட்டியிருந்தது. தாதிக்குச் சொன்னபோது, "பாருங்கோ, ஒரு கிழமைக்கு முதலே நிப்பாட்டியிருக்க வேணும். டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார். அரைமணி நேரத்தில் அவரே திருப்பி எடுத்து, ஏழு நாளைக்கு முதல் நிற்பாட்டச் சொன்னார். வாழைப்பழம் மட்டும் செய்த குற்றமில்லை என்று அண்ணைக்குச் சொன்னபோது, அவர் மூச்சு விட்ட சத்தம் போனில் கேட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டாம் தரம் போகச் சம்மதித்தார்.

எல்லாவற்றையும் நான் பெரிய எழுத்தில் இரண்டு பக்கமாக அடித்து அச்செடுத்தேன். 'மலமிளக்கிக் கரைசல்' என்பதை 'வயிறு கழுவுற மருந்து' என்று மாற்றினேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெட்டி. அதோடு, அதையே போட்டுவைத்த என் பழைய போனையும் கொண்டு நீர்வேலிக்குப் போனேன். அண்ணை வாசிப்பார், ஆனால் வாசித்ததைப் பற்றிக் கேள்வி வந்தால் ஆரையும் கேட்கமாட்டார். அந்தப் போன் வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லும். பெண் குரல். மருந்து, சாப்பாடு எதுவென்றாலும் அது சொன்னதை எனக்கும் ஒருதரம் சொல்லவேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டேன்.

முதல்நாள் அது பெரிய கூத்து.

"உங்களுக்கு இந்த விளக்கம் போதுமானதாக இருக்கிறதா?" என்று அது கேட்டது.

"ஓம்," என்றார் அண்ணை.

"ஓம் என்பது இந்து சமயத்தில் மிகவும் புனிதமான ஒலியாகக் கருதப்படுகிறது..." என்று அது தொடங்கியது. அண்ணை போனை எட்டப் பிடித்து என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணி போனபிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து அவர் கேட்டார்: "பிள்ளை, மருந்து குடிச்சு எவ்வளவு நேரத்திலை வெளிக்குப் போகும்?"

"மருந்து குடித்த பிறகு வெளியே செல்வதைத் தவிர்த்து, வீட்டிலேயே இருப்பது நல்லது."

"வெளியிலை போறதில்லை, பிள்ளை. வெளிக்குப் போறது."

அதற்கு விளங்கவில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போவதுபோல அடுப்படிக்குள் போனேன். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, புத்தகத்தில் இருக்கிற சொல்லை, 'மலம்' என்ற சொல்லைச் சொல்வது கேட்டது. அண்ணையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன்.

போனை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பின்னேரம் வெள்ளையரிசியும் வெள்ளை மாவில் அவித்த இடியப்பமும் கொண்டு போனேன். வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கேற்றைத் திறந்தால் தோட்டம். இதரை வாழைகள் குலை தள்ளியிருந்த வரிசைக்கு அப்பால், மோட்டர் வைத்திருக்கிற சிறு கொட்டிலின் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணை இருந்தார். போன் முழங்காலில் இருந்தது. கதைத்துக்கொண்டிருந்தார்.

"அது வந்து பிள்ளை, ஒரு எட்டு மாசமா இரத்தம் போகுது. முதல் கொஞ்சமாத்தான். மூலமாக்கும் எண்டு விட்டிட்டன். இப்ப கூட."

நான் வாழையோடு வாழையாக நின்றுவிட்டேன்.

போன் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்கவில்லை. இது முக்கியமான தகவல், பரிசோதனை செய்யும் மருத்துவரிடம் அவசியம் சொல்லவேண்டும், கூடுதலாகப் போனாலோ தலைசுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றது. பிறகு, "உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது இதைப் பகிர்ந்துகொண்டீர்களா?" என்று கேட்டது.

"மனுசி இருந்தா சொல்லியிருப்பன். இப்ப தங்கச்சிதான் இருக்கிறாள். அவளுக்குச் சொல்லேலாது. அவள் பயந்திடுவாள்."

நான் பின்னுக்கு நடந்து கேற்றைக் கடந்து வெளியே வந்தேன். முற்றத்துக் கிணற்றடியில் நின்று முகம் கழுவினேன். பிறகு கேற்றைச் சத்தமாகத் திறந்து, "அண்ணை, எங்கை நிக்கிறியள்?" என்று கூப்பிட்டுக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பி வந்தார். இடியப்பத்தைப் பார்த்து, "சம்பல் இல்லாமல் என்னெண்டு தின்னுறது?" என்றார்.

நல்லூருக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது. அறுபது வருடத்துக்கு மேலாகக் கூடப் பிறந்தவள் இருக்க, நாலு நாள் பழகிய ஒரு குரலுக்குச் சொல்கிறார். அதுவும் 'பிள்ளை' என்று கூப்பிட்டுச் சொல்கிறார். அந்தக் குரல் எங்கே இருக்கிறது, அண்ணை சொன்னதை ஆர் ஆர் கேட்பார்கள், எந்த ஊரில் எந்தப் பெட்டிக்குள் அது போய்ச் சேரும் என்றெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. மகனைக் கேட்டேன். அவனும் சரியாகச் சொல்லவில்லை.

கோபம் ஆறியபிறகு வேறொன்று தெரிந்தது. அந்த இளம் டொக்டர் கேட்ட அன்று அண்ணையின் தோளுக்குப் பக்கத்தில் நின்றது நான். 'இல்லை' என்று அவர் சொன்னது டொக்டருக்கு இல்லை, எனக்கு. நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அன்றைக்கே உண்மை வந்திருக்கும். நல்லது செய்கிறேன் என்று அவர் வாயைக் கட்டியது நான்தான்.

டொக்டருக்கு நானே சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். ஒட்டுக் கேட்டதைக் கொண்டுபோய்ச் சொல்வதா? சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால்? கடைசியில் அண்ணைக்கு ஒரு தவணை கொடுக்கத் தீர்மானித்தேன். பரிசோதனைக்கு முதல் அவராகச் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன்.

பரிசோதனைக்கு முதல்நாள் அண்ணையை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவருடைய கக்கூஸ் வளவின் கோடியில் இருக்கிறது. எனக்கு வீட்டுக்குள்ளேயே உண்டு. காலையிலிருந்து பிளேன்ரீயும் இளநீரும்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்து, அளவுபோட்ட சாடியில் ஊற்றி மேசையில் வைத்தேன். கால்மணி நேரத்துக்கு ஒரு கிளாஸ். போன் நேரம் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் கிளாஸைக் குடித்துவிட்டு அண்ணை முகத்தைச் சுளித்தார்.

"கடல் தண்ணிக்குள்ளை சீனி போட்ட மாதிரிக் கிடக்கு."

மூன்றாவது கிளாஸில் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, "பிள்ளை, வயித்தைப் பிரட்டுது" என்று போனுக்குச் சொன்னார். கொஞ்சம் ஆறுதலாகக் குடிக்கலாம், அரைமணி நேரம் பொறுத்துத் தொடங்கலாம், மருந்தைக் குளிரவைத்துப் பார்க்கலாம், வாந்தி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அறிவிக்கவேண்டும் என்று அது சொன்னது. சாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். குளிர்ந்தபிறகு இறங்கியது.

பிறகு ஓட்டம் தொடங்கியது. எழும்புவார், போவார், வருவார், கதிரையில் இருப்பார், சாரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப எழும்புவார். ஐந்தாவது தரம்வரை கக்கூஸ் கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு சாத்துகிற சத்தத்தைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை, நானும் கவலைப்படவில்லை. நான் வானொலியைக் கூட்டி வைத்திருந்தேன். அவர் வந்து, "அதைக் குறை, தலை இடிக்குது" என்றார்.

மிச்ச மருந்து விடிய ஐந்து மணிக்கு. அது முடிந்து இரண்டு மூன்று தரம் போய்வந்தவர் அடுப்படி வாசலில் நின்றார்.

"தங்கச்சி, இப்ப மஞ்சள் தண்ணியாப் போகுது. அடியிலை ஒண்டுமில்லை. காணுமோ?"

போனைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"காணும் அண்ணை. கடதாசியிலையும் அப்பிடித்தான் இருக்கு."

அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். முகம் வற்றிப்போய் இருந்தது. ஆனால் என்னவோ இலேசான ஆளாகத் தெரிந்தார்.

"உனக்கு ஒண்டு சொல்லவேணும். இரத்தம் போகுது, தங்கச்சி. கனகாலமா."

நான் அவருக்கு முன்னால் வந்து இருந்தேன்.

"உந்தப் பிள்ளை நெடுகச் சொல்லுது, டொக்டருக்குச் சொல்லு, வீட்டிலை சொல்லு எண்டு. உன்னட்டைச் சொன்னா நீ அழுவாய் எண்டு விட்டிட்டன்."

"அண்ணை," என்றேன், "எனக்குத் தெரியும். தோட்டத்துக்கை நீங்கள் கதைக்கேக்கை கேட்டனான்."

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

"கேற் ரெண்டு தரம் சத்தம் போட்டது. நீயாத்தான் இருக்குமெண்டு நினைச்சன்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயும் கேக்கேல்லையே."

நான் அழவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போய், அவர் இனி ஒன்றும் குடிக்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்து, அடுப்பை நூர்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டபோது நான் வாங்கைவிட்டு எழும்பவில்லை. "நீங்கள் போங்கோ. நான் உங்கை உள்ளுக்கு வரேல்லை" என்றேன். கதவுக்கு உள்ளே அவர் டொக்டரோடு கொஞ்ச நேரம் கதைப்பது தெரிந்தது. கதவு மூடப்பட்டது. இந்தமுறை கால்மணி நேரத்தில் திறக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டவானது.

தாதி வந்து என் பக்கத்தில் இருந்தார். "ஐயாவின்ரை குடல் நல்ல வடிவாச் சுத்தமா இருந்தது அம்மா. டொக்டரே சொன்னவர்." பிறகு என் கையைப் பிடித்தார். "ஒரு கட்டி இருக்கு. துண்டு எடுத்துச் சோதிக்க அனுப்பியிருக்கு. டொக்டர் உங்களோடை கதைப்பார்."

அறிக்கை வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. புற்றுநோய்தான். ஆனால் குடல் சுவரைத் தாண்டியிருக்கவில்லை. முதல் தரத்தைப் போலக் குடல் அழுக்காக இருந்திருந்தால் அந்தக் கட்டி இருந்த மூலை கண்ணுக்குப் பட்டிராது என்று டொக்டர் சொன்னார். இரண்டு மாதத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு சாண் அளவு குடலை வெட்டி எடுத்தார்கள். அண்ணை ஆறு கிழமை என் வீட்டில் இருந்தார். இருந்த ஆறு கிழமையும் வாழைகளைப் பற்றியே கவலைப்பட்டார்.

இடையில் ஒருநாள் காயத்துக்கு மருந்து கட்டப் போனபோது அந்தத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, நீங்கள் அடிச்ச அந்தக் கடதாசி இருக்கோ? எனக்கு ஒரு கொப்பி வேணும்."

கொடுத்தேன். அவர் அதை வாசித்துப் பேனையால் திருத்தினார். சலரோகக்காரருக்குத் தனியே ஒரு பகுதி வேண்டும், அவர்கள் வழமைபோல மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயங்கி விழுவார்கள் என்றார். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வரி. வேதக்கார, கிறிஸ்தவ வீடுகளில் காலையில் பாணும் பட்டரும்தானே, அவர்களுக்கு வெள்ளைப் பாண் என்று ஒரு வரி. அடுத்தடுத்த கிழமைகளில் அவருடைய தேத்தண்ணி இடைவேளைகளில் நாங்கள் இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு அதைத் திருத்தினோம். இயந்திரம் ஒரு நிமிடத்தில் பத்து வசனம் தரும். அவர் அதில் நாலை வெட்டுவார். நான் மிச்சத்தை ஊர்ப்பேச்சாக்குவேன். அண்ணைக்கு நடந்ததை நினைத்து, 'வெளிக்குப் போவது' என்றே எழுதினோம். 'சத்துக் குளிசையும் மருந்துதான்' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டோம். பெரிய டொக்டர் பார்த்துக் கையெழுத்து வைத்தபிறகுதான் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். முப்பது வருடத்தில் நான் அடித்த கடதாசிகளில், ஒருவர் வாசித்து அதன்படி செய்ததை நான் கண்ணால் பார்த்தது இதுதான்.

அதில் கடைசியாக ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று நான் கேட்டேன். 'டொக்டரோடு தனியே கதைக்க விரும்பினால் சொல்லுங்கள், கூட வந்தவர் வெளியே இருப்பார்.' தாதி ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இப்போது அண்ணை திரும்பத் தோட்டத்தில் நிற்கிறார். ஆயிரம் வாழை இல்லை, நானூறுதான். பாரம் தூக்கக்கூடாது என்று சொன்னதைப் பாதி நாள் கேட்கிறார், பாதி நாள் கேட்பதில்லை. போன கிழமை போனபோது, இலையெல்லாம் ஓரத்தால் மஞ்சள் பற்றிய ஒரு வாழைக்கு முன்னால் போனும் கையுமாக நின்றார்.

"என்ன அண்ணை, பிள்ளை என்ன சொல்லுது?"

"உதுக்கு வாழையைப் பற்றி ஒரு இழவும் தெரியாது," என்றார். "தண்ணி காணாது எண்டுது. நேற்றுத்தான் இறைச்சனான். பத்து நிமிசமா நான்தான் உதுக்குச் சொல்லிக் குடுத்துக்கொண்டு நிக்கிறன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கத்தியை எடுத்து அந்த இலையை அடியோடு வெட்டினார். வெட்டுவாயை என்னிடம் காட்டி, உள்ளே போன பழுப்புக் கோட்டை விரலால் தொட்டு, இது எந்த நோய், எப்படிப் பரவும் என்று சொல்லத் தொடங்கினார். எனக்கு முக்கால்வாசி விளங்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.